சட்டை உரிக்கும் நாட்களில் பாம்புக்குத் தண்ணீர் எதற்கு?

டொராண்டோ அருகே வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் வளர்க்கும் ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு, சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி மணிக்கணக்கில் கிடக்கிறதாம். தோலை ஊறவைத்துக் கழற்றத்தான் அது அப்படிச் செய்கிறதா, நாமே வெந்நீரில் குளிப்பாட்டிவிட்டால் அதன் வேலை எளிதாகுமா என்பவை அவருடைய கேள்விகள். நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்பது மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் வளராத சிறிய இனத்தைப் பற்றி. அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அதற்குப் பால் (ball) பைத்தான் என்றும் பெயர் உண்டு.

இரவில் ஊறவைத்த பாதாமின் தோல் காலையில் விரல் பட்டதுமே வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பாம்பும் அதற்காகத்தான் நீரில் கிடக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால், பாம்பின் பழைய தோலைப் பிரிப்பது வெளியிலிருந்து புகும் நீர் அன்று. அந்த வேலை முழுவதும் உடலுக்குள்ளேயே, பாம்பு தொட்டியை நாடுவதற்குப் பல நாட்கள் முன்பே தொடங்கிவிடுகிறது.

நம் மேல்தோலின் செல்கள் நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பாம்பின் மேல்தோலோ சில வாரங்கள் ஓய்ந்திருக்கிறது. பிறகு அடித்தளச் செல்கள் உடல் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழித்தெழுந்து, பழைய மேல்தோலுக்கு அடியிலேயே முழுமையான இன்னொரு மேல்தோலைக் கட்டுகின்றன. பால் மேடர்சன் என்ற விலங்கியலாளர் 1960களில் இந்தச் சுழற்சியை நுண்ணோக்கியின் துணையோடு கட்டம் கட்டமாக விவரித்தார். இதில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது இரண்டு தோல்களும் சந்திக்கும் எல்லை. பழைய தோலின் கடைசிப் படலமும் புதிய தோலின் முதல் படலமும் மிக நுண்ணிய முட்களால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே வளர்கின்றன. உரித்தபின் புதுத் தோலின் மேல் காணப்படும் நுண்வரிகள், வெளியேறப்போகும் பழைய தோலின் அடிப்பக்கத்தையே அச்சாகக் கொண்டு வார்க்கப்பட்டவை. புதிய தோல் முற்றியதும் அந்தக் கோப்பு தளர்கிறது. நொதிகள் செல்களுக்கு இடையிலான பிணைப்புகளை அறுக்கின்றன. இரண்டு தோல்களுக்கும் நடுவே உடலிலிருந்து ஊறும் திரவம் பரவுகிறது.

வளர்ப்பவர் கண்ணில் படுவது இந்தக் கட்டம்தான். பாம்பின் நிறம் மங்குகிறது, அடிவயிறு இளஞ்சிவப்பாகிறது, இமையில்லாத கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலிலும் இதே பிரிவு நிகழ்வதால் கண் புகைபடிந்த நீலமாகிறது. சில நாட்களில் கண் மீண்டும் தெளியும். அதன்பின் இன்னும் சில நாட்கள் கழித்தே பாம்பு உதட்டோரத்தைச் சொரசொரப்பான பொருளில் தேய்த்துத் தோலைத் திறந்து, உள்புறம் வெளியே வரும்படி அதிலிருந்து ஊர்ந்து வெளியேறும்.

அப்படியானால் தண்ணீர் எதற்கு? பாம்பின் உடலிலிருந்து நீர் வெளியேறாமல் காப்பது செதில்கள் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. செதிலே இல்லாமல் பிறந்த ஒரு கோஃபர் பாம்பை அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் சோதித்து 1972இல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தைக் குலைத்தது; செதிலுள்ள பாம்புகளைவிட அது கூடுதலாக நீரை இழக்கவில்லை. 1980இல் ராபர்ட்ஸ், லில்லிவைட் என்னும் வேறு இரு ஆய்வாளர்கள், தோலிலுள்ள கொழுப்புப் பொருள்களைக் கரைத்து நீக்கிவிட்டால் நீர் தாராளமாகக் கசிகிறது என்று காட்டினார்கள். உண்மையான காவல், மேல்தோலின் நடுவே தட்டையான செல்களுக்கிடையில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் அந்தக் கொழுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறை சட்டை உரியும்போதும் இந்தக் காவல் அடுக்கும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த கலிஃபோர்னியக் கிங் பாம்புக் குட்டிகளில், முதல் சட்டையை உரித்தபின் தோலின் தடுப்பாற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று 2002இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பழைய காவல் கழன்று, புதியது முழுமையாக நிலைகொள்ளாத அந்த இடைக்காலத்தில், பல பாம்பினங்களில் தோல் வழியான நீரிழப்பு கூடுவதை அளந்திருக்கிறார்கள். தோல்களுக்கு நடுவே திரவத்தைச் சுரக்கவும் உடலில் நீர் இருப்பு வேண்டும். நீருக்குள் கிடக்கும் உடலிலிருந்து எதுவும் ஆவியாவதில்லை. தாகத்துக்கு வாயருகிலேயே தண்ணீர் இருக்கிறது. பாம்பு தோலால் நீர் குடிப்பதில்லை, வாயால்தான் குடிக்கிறது. ஊறுவதால் பழைய தோல் ஓரளவு நெகிழ்ந்து கிழியாமல் வருவதும் உண்மைதான், ஆனால் அது உபரிப் பயன்.

இயற்கை வாழிடத்தில் ராயல் பைத்தான் பகல் பொழுதை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. அங்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். டொராண்டோவில் நிலைமை வேறு. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரியில் உள்ள காற்றை வீட்டுக்குள் இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால், வேறு ஈரம் எதுவும் சேராதவரை, அதன் ஈரப்பதம் 10 விழுக்காட்டை ஒட்டிய அளவுக்கு இறங்கிவிடும். இந்தப் பாம்புக்குச் சாதாரண நாட்களில் 60, உரிக்கும் நாட்களில் 70 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் வேண்டும். ஆகவே வாசகர் சரிசெய்ய வேண்டியது காற்றை. கூண்டின் மேல்வலையை ஓரளவு மூடி, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசி பரப்பிய மூடிய பதுங்கிடம் ஒன்றை வைத்துவிட்டால், பெரும்பாலான ராயல் பைத்தான்கள் தொட்டியை விட்டுவிட்டு அதற்குள் போய்விடும். வலிந்து குளிப்பாட்டுவது, கண் மங்கி ஏற்கெனவே மிரண்டிருக்கும் உயிரை மேலும் வதைக்கும்.

நாகபஞ்சமியன்று பாம்பு பால் குடிப்பதாகக் காட்டப்படுவதும் இதே நீர்க்கணக்கில் அடங்கும். பல நாட்கள் தண்ணீர் காட்டாமல் வைக்கப்பட்ட பாம்பு எதிரே வைத்த திரவம் எதுவானாலும் குடிக்கும். பால் அதற்குச் செரிப்பதில்லை, சில வேளைகளில் உயிரையும் வாங்கும். தாகத்தில் தவிக்கும் உயிரைப் பக்தியின் பெயரால் வதைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாம்பின் நஞ்சுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி நிதியில் சிறு பங்கேனும் அதன் தோலுக்கும் கிடைக்க வேண்டும் என்பதும் என் கருத்து. மருந்து மனிதத் தோலை எப்படி ஊடுருவும் என்று சோதிக்க, உரித்த பாம்புச் சட்டையை மாற்றாகப் பயன்படுத்தும் முறை 1990 வாக்கிலேயே வந்துவிட்டது; அதற்காக எந்தப் பாம்பையும் கொல்ல வேண்டியதில்லை.

சட்டை உரிக்கும் அறிகுறி எதுவும் இல்லாதபோதும் பாம்பு நீரிலேயே கிடந்தால், கூண்டு அளவு மீறிச் சூடாகிறதா என்று பாருங்கள். செதில்களின் இடுக்கிலும் கண்ணைச் சுற்றியும் மிளகுத்தூள்போன்ற கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்றும், தொட்டியின் அடியில் அவை மூழ்கிக் கிடக்கின்றனவா என்றும் தேடுங்கள். அவை இரத்தம் உறிஞ்சும் மைட் உண்ணிகள். அவற்றின் தொல்லை தாங்காமலும் பாம்பு நீரில் இறங்கும். உரிந்த சட்டையை விரித்து, இரண்டு கண்செதில்களும் வால்நுனியும் அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வால்நுனியில் வளையமாகத் தங்கும் தோல் இரத்த ஓட்டத்தை இறுக்கி, அந்த நுனியையே அழுகச் செய்யக்கூடும். அதை ஈரத்துணியால் மென்மையாக உருட்டி எடுக்கலாம். கண்ணில் தங்கிய செதிலை மட்டும் நகத்தாலோ இடுக்கியாலோ தொடவே கூடாது. ஈரப்பதத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த சட்டை உரியும்வரை காத்திருங்கள். அப்போதும் அது வராவிட்டால் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.