இரண்டு கிலோமீட்டர் நடந்து வரும் கூத்து

வேலூரில் பேருந்து நிலையத்துக்கு அருகே பதினோரு ஆண்டுகள் குடியிருந்தேன். நள்ளிரவிலும் பேருந்துகளின் உறுமலும் ஆட்டோக்களின் ஹாரனும் சன்னலுக்கு வெளியே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தும், எனக்குத் தூக்கம் கெட்டதாக நினைவில்லை. அங்கிருந்து அமைதியை நாடி, அணைக்கட்டுப் பக்கம், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றுக்குக் குடிவந்த முதல் கோடையில்தான், விடிய விடிய விழித்துக்கிடப்பது என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. பகலில் அதே கோயிலில், அதே மைக் செட்டில் பாரதப் பிரசங்கம் நடந்தபோது என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. இரவு பதினொரு மணிக்குமேல் மத்தளமும் முகவீணையும் பக்கத்துத் தெருவில் ஒலிப்பதுபோல் வந்து நின்றன. “ராத்திரியானா சவுண்ட ஏத்தி வுட்டுடுறாங்க தம்பி” என்றார் பக்கத்து நிலத்துப் பெரியவர். மைக் செட்காரரைக் கேட்டபோது, மாலையில் வைத்த அளவிலேயே விடியும்வரை வைத்திருந்ததாகச் சொன்னார். இருவர் சொன்னதும் அவரவர் அனுபவத்தில் உண்மைதான். இடையில் மாறியது காற்று.

ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. 0 பாகை செல்சியஸில் நொடிக்கு 331 மீட்டராக இருக்கும் அது, வெப்பம் ஒரு பாகை கூடும்போதெல்லாம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. கோடைப் பகலில் வேலூரின் தரை கொதிக்கும். தரையை ஒட்டிய காற்று மிகச் சூடாகவும், மேலே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். ஆகவே ஒலியலையின் கீழ்ப்பகுதி வேகமாகவும் மேற்பகுதி மெதுவாகவும் நகர, அலை முழுவதும் வானத்தை நோக்கி வளைந்துவிடுகிறது. சேற்றில் ஒரு சக்கரம் இறங்கிய மாட்டு வண்டி, மெதுவாகிப்போன அந்தச் சக்கரத்தின் பக்கமாகத் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இப்படி மேல்நோக்கி வளைவதால், சில நூறு மீட்டருக்கு அப்பால் தரையில் நிற்பவருக்கு ஒலி நேராக எட்டாத ஒரு நிழல் உண்டாகிறது. அந்த நிழலுக்குள் சத்தம் 20 டெசிபலுக்கும் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) மேல் குறைந்துபோகலாம். என் திண்ணை பகல் முழுவதும் அந்த நிழலில்தான் இருந்தது.

பொழுது சாய்ந்தபின், மேகமற்ற வானத்தின் கீழ், தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்து காற்றைவிட விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் அதனோடு குளிர்ந்துவிட, அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று போர்வைபோலக் கிடக்கிறது. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனமாகி, நீர் வழிவதைப்போல அடிவாரத்தின் தாழ்ந்த நிலங்களுக்கு வடிந்து தேங்குவதால், எங்கள் ஊர் போன்ற இடங்களில் இந்த அமைப்பு இன்னும் உறுதியாகிறது. இப்போது எல்லாம் தலைகீழ்: அலையின் மேற்பகுதி வேகமாக ஓட, ஒலி தரையை நோக்கி வளைகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டர் உயரத்துக்குள் வெப்பம் 3 பாகை கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், கோயில் கம்பத்திலிருந்து சற்றே மேல்நோக்கிக் கிளம்பும் ஒலி ஏறத்தாழ 50 மீட்டர் உயரம்வரை ஏறி, தென்னந்தோப்பு, வீடு, ஏரிக்கரை எல்லாவற்றையும் தாண்டி, சரியாக 2 கிலோமீட்டர் தொலைவில் இறங்குகிறது. ஏறக்குறைய ஆறு நொடிப் பயணம். துரியோதனன் அங்கே தொடை தட்டி முடித்து மூச்சுவாங்கும்போதுதான் எனக்கு அவன் குரல் கேட்கத் தொடங்குகிறது.

காற்று வீசும் திசையும் இதே வேலையைச் செய்கிறது. தரையருகே மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும் காற்றோடு சேர்ந்து போகும் ஒலி கீழ்நோக்கியும், எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கியும் வளையும் என்பதை 1857இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கினார். வெப்பத்தால் ஏற்படும் வளைவை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1870களில் சோதனைகளோடு விளக்கினார். மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில், பாலாற்றுக்கு அக்கரையில் லத்தேரி, குடியாத்தம் வழியாகப் போகும் ரயிலின் ஹாரன் எங்கோ வயலுக்கு நடுவிலிருந்து வருவதுபோல் சில ஊர்களில் கேட்பதற்கும் இவ்விரண்டுமே காரணம்.

இத்தனை வழி கடந்து வந்தாலும் ஒலி முழுதாக வந்து சேர்வதில்லை. காற்று ஒலியை உறிஞ்சுகிறது; அதிலும் உயர்ந்த சுருதியைத்தான் கூடுதலாக உறிஞ்சுகிறது. சுருதியை ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கில், சொல்வார்கள். 20 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், கிலோமீட்டருக்கு 125 ஹெர்ட்ஸ் ஒலி 0.3 டெசிபலையும், 500 ஹெர்ட்ஸ் ஒலி 2.8 டெசிபலையும் இழக்கும்போது, 4,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 23 டெசிபலை இழக்கிறது. மனிதப் பேச்சில் ஆ, ஈ, ஊ போன்ற உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களில் இருக்கிறது. ச், ட், த் போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகளோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. ஆகவே இரண்டு கிலோமீட்டர் கடப்பதற்குள் மெய்கள் வழியிலேயே தங்கிவிட, உயிர்கள் மட்டும் வந்து சேருகின்றன. ம், ன் போன்ற மூக்கொலிகள் ஓரளவு தப்பிக்கின்றன. கூத்தை நடத்திச்செல்லும் கட்டியங்காரன் என்ன சொன்னான் என்று தெரியாது. ஏதோ சொன்னான் என்பது மட்டும் தெரியும். என்னை உறங்கவிடாமல் செய்தது சத்தத்தின் அளவைவிட இதுதான் என்று நினைக்கிறேன். புரியும் சொல்லைக் கேட்டுவிட்டு விடலாம், புரியாத இரைச்சலைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். பாதி புரியும் தமிழை மூளை இரவு முழுவதும் எழுத்துக்கூட்டிக்கொண்டே இருக்கிறது.

நகரத்தில் உறங்கியவன் இங்கே ஏன் உறங்கவில்லை என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. டெசிபல் என்பது மடக்கை அளவு: பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகவே படுகிறது. நகரத்தில் என் சன்னலுக்கு வெளியே இரவின் பின்னணி ஓசை 50 டெசிபலுக்குக் குறையாது; இங்கே என் வீட்டுக்கு ஏறத்தாழ 41 டெசிபலில் வந்து சேரும் கூத்து அதற்குள் வந்திருந்தால், அது வந்ததே தெரியாது. சிற்றூரின் இரவில் பின்னணி 27, 28 டெசிபலுக்கு இறங்கிவிடுகிறது. அதே 41 அங்கே பதின்மூன்று டெசிபல் உயரத்தில் நிற்கிறது. காது கவனிப்பது தனி அளவைவிட இந்த வேறுபாட்டையே. பிரிட்டனில் தொழிற்கூட ஓசைகளை மதிப்பிடப் பயன்படும் 4142 என்ற எண்ணுள்ள தரநிலை, பின்னணியைவிடப் பத்து டெசிபல் அளவுக்கு மிகும் ஓசையைக் கடுமையான தொல்லைக்கு அறிகுறியாகக் கொள்வதும், ஒரே சுருதியில் ரீங்கரிக்கும் ஓசைக்கும் திடும் திடுமென்று அதிரும் ஓசைக்கும் கூடுதல் புள்ளிகள் சேர்ப்பதும் இதனால்தான்.

நம் நாட்டு விதிகள் வேறு வழியில் போகின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். 45 என்ற எண் நகரத்துக்குப் பொருத்தமானது. எங்கள் ஊர் இரவுக்கு அது மிகத் தாராளமானது. என் வீட்டுக்கு வரும் 41 டெசிபல் அந்த எண்ணிக்கைப்படி குற்றமே அல்ல.

கூத்தைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. அது திருவிழா முடிந்த பிறகும் போகாது. தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ரீங்காரத்தைச் சொல்கிறேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால், 100 ஹெர்ட்ஸில் ஓர் ஓசை எழுகிறது. சில்வண்டுகளின் இரைச்சல் இதை மூடிவிடும் என்று எண்ணுவது வீண். அவை கத்துவது சில ஆயிரம் ஹெர்ட்ஸில், மேலும் தாழ்ந்த ஒலிதான் உயர்ந்த ஒலியை எளிதில் மறைக்குமே தவிர, உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். நம் வீடுகளில் வழக்கமாக இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவே. சுவருக்கும் சுவருக்கும் இடையே அலை மோதித் திரும்பி, சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் நிலைகொள்கிறது: சுவரை ஒட்டியும் அறையின் நடுவிலும் ரீங்காரம் மிகுந்திருக்கும், சுவரிலிருந்து ஏறத்தாழ மூன்றடி தள்ளிக் குறைந்திருக்கும். கட்டிலை நகர்த்தித் தலையணையை அந்த மூன்றடிக்குக் கொண்டுவந்த அன்று, டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்துவிட்டார்களோ என்று வீட்டில் கேட்டார்கள். கைபேசிச் செயலியில் இந்த ஓசையை அளக்க முயன்றவர்கள் ஏமாந்திருப்பார்கள். மனிதக் காதின் இயல்பைப் பின்பற்றும் வழக்கமான அளவுமுறை 100 ஹெர்ட்ஸ் ஒலியில் 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறது.

நெடுஞ்சாலை ஓசை வேறு கணக்கு. ஒரே இடத்திலிருந்து வரும் ஒலி, தொலைவு இரு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். பள்ளிகொண்டா வழியே போகும் சென்னை–பெங்களூரு சாலைபோல நீண்ட கோடாகக் கிடந்து இரையும் மூலமோ 3 டெசிபல்தான் குறையும். ஆனால் அது ஏற்ற இறக்கமின்றி இரைவதால் காது பழகிவிடுகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்ட வரும் திருச்செங்கோட்டுப் போர் லாரி அப்படியல்ல. கருங்கல்லைச் சம்மட்டியாக இடித்துக்கொண்டு, கம்ப்ரஸரின் உறுமலோடு இரவெல்லாம் தொடரும் அதற்கு ஒரே ஆறுதல், தண்ணீர் கிடைத்ததும் நின்றுவிடும் என்பதே.

தடுப்பதற்கு மரம் நடலாம் என்று பலரும் சொல்வார்கள். அடர்ந்த இலைக்காடு நூறு மீட்டர் ஆழத்துக்கு இருந்தால் 1,000 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் அளவுக்குக் குறையும். அடி மரம் வெறுமையாக நிற்கும் தென்னை வரிசையால் ஏதும் ஆகாது. போதாக்குறைக்கு, இரவில் ஒலி தோப்புக்கு மேலாகவே போகிறது என்று முன்பே கண்டோம். கனமான சுவர் உதவும், ஆனால் மே மாதத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு உறங்க வேலூரில் யாராலும் முடியாது. சன்னல் திறந்திருந்தால் வெளியோசை 10 முதல் 15 டெசிபல்வரைதான் குறைந்து உள்ளே வரும். மொட்டை மாடியில் படுப்பவருக்கு அதுவும் இல்லை. கேட்கும் இடத்தில் செய்யக்கூடியது இவ்வளவு குறைவாக இருப்பதால், ஒலி கிளம்பும் இடத்தைத்தான் பார்க்கவேண்டும்.

கம்பத்தில் கட்டும் புனல் ஒலிபெருக்கி ஒரு கெட்டிக்காரக் கருவி. சிறிய தகடு காற்றை நேரடியாகத் தள்ளினால் கையால் விசிறுவதுபோல ஆற்றல் பெரும்பகுதி வீணாகும். மெல்ல மெல்ல விரியும் குழாய் வழியே தள்ளினால், தகட்டின் விசை வெளிக்காற்றோடு இசைந்துபோகிறது. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி மின்னாற்றலில் ஒரு விழுக்காட்டளவை ஒலியாக மாற்றும் இடத்தில், புனல் அதைப்போலப் பல மடங்கு மாற்றுகிறது, அதையும் ஒரே திசையில் குவித்து அனுப்புகிறது. பக்கத்து ஊரை நோக்கி அதைத் திருப்பி வைப்பதற்கு, எங்கள் ஊரில் விழா நடக்கிறது, வாருங்கள் என்று அழைக்கும் நோக்கமும் உண்டு. அதைக் குறைசொல்ல மாட்டேன். அழைப்பை மாலையில் முடித்துக்கொள்ளலாம் என்பது மட்டுமே என் எண்ணம்.

கூத்து பார்க்கும் கூட்டம் தெருவில் 60 மீட்டர் நீளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஒரு மீட்டரில் 115 டெசிபல் ஒலிக்கும் ஒற்றைப் புனல், கடைசி வரிசைக்கு 79 டெசிபலைக் கொடுக்கும்; 2 கிலோமீட்டரில், காற்று உறிஞ்சியதுபோக, 41 டெசிபல் மிஞ்சும். அதற்குப் பதிலாக, ஒரு மீட்டரில் 91 டெசிபல் மட்டுமே ஒலிக்கும் பத்துச் சிறு பெட்டிகளைத் தெருவின் இருபுறமும் ஆள் உயரத்தில் கட்டினால், எந்தப் பெட்டியிலிருந்தும் நான்கு மீட்டரில் இருப்பவருக்கு அதே 79 டெசிபல் கிடைக்கும். பத்தும் சேர்ந்து 2 கிலோமீட்டரில் கொடுப்பதோ 27 டெசிபல்தான். அதாவது எங்கள் ஊர் இரவின் பின்னணி அளவு. முன்வரிசைக்காரர்களின் காதும் பிழைக்கும், கட்டியங்காரனின் மெய்யெழுத்துகளும் கடைசி வரிசைவரை சிதையாமல் போகும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மைக் செட்காரரிடம் கொடுத்திருக்கிறேன். எத்தனை மீட்டர் ஒயர் பிடிக்கும் என்று மட்டும் கேட்டார். இருபுறமும் சேர்த்து 150 மீட்டர் போதும் என்று சொன்னேன்.