ஆழ்கற்றல்: எதில் ஆழம்?

நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கணினி பற்றிய செய்தி எதை எடுத்தாலும் 'டீப் லேர்னிங்' வந்துவிடுகிறது. தமிழில் ஆழ்கற்றல் என்கிறோம். சிலர் 'ஆழக் கற்றல்' என்று எழுதுகிறார்கள். ஒரு 'க்' தானே என்று விட முடியாது, பொருளே மாறிவிடும்.

ஆழக் கற்றல் என்றால் ஊன்றிப் படிப்பது. கல்வியியலில் டீப் லேர்னிங்குக்கு இந்தப் பொருள் உண்டு. கணினித் துறையில் அது வேறு. 1986-லேயே கணினி அறிஞர் ரீனா டெக்டர் இயந்திரக் கற்றலில், அதாவது தரவிலிருந்து கணினி தானே கற்கும் துறையில், இச்சொல்லை எழுதியிருக்கிறார். ஆனால் மூளை நரம்புகளின் பாணியில் அடுக்கடுக்காகக் கணக்கிடும் நரம்பு வலையமைப்பை அவர் சொல்லவில்லை. இன்றைய பொருள் பரவியது 2006-க்குப் பிறகு, கணினி அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன் குழு நரம்பு வலையமைப்பில் செய்த ஆய்வுகளை ஒட்டி. உள்ளே போகும் படத்துக்கும் வெளியே வரும் விடைக்கும் நடுவே எத்தனை கணக்கீட்டு அடுக்குகள் என்பதுதான் இங்கே ஆழம்.

சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்குகள் விளிம்பையும் வெளிச்ச மாற்றத்தையும் பிடிக்கும். அடுத்தவை அவற்றைச் சேர்த்து வளைவு, புள்ளி என்று வளர்க்கும். கடைசியில் ரத்தக்குழாய்ப் புடைப்பு போன்ற நுண்ணிய அடையாளங்கள் பிடிபடும். 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களால் இப்படி ஒரு வலையமைப்பைப் பழக்கினார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் விதி எழுதித் தரவில்லை. படத்துக்குப் படம் மருத்துவர்கள் இட்ட தரம் மட்டுமே கொடுக்கப்பட்டது.

அடுக்கு கூடினால் புரிதலும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. நிமோனியாவுக்கான எக்ஸ்ரே படங்களை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே வலையமைப்பு அடையாளம் கண்டுகொண்டது. நிமோனியா நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனை என்றால் நோய் இருக்கும் என்று ஊகிக்க அதுவே போதும். நுரையீரலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை! இதைப் போய் 'ஆழக் கற்றது' என்று எப்படிச் சொல்வது?

கறாராகப் பார்த்தால் 'பல்லடுக்குக் கற்றல்' தான் சரி. ஆனால் வாயில் நிற்காது. ஆழ்கடல், ஆழ்துளை, ஆழ்மனம் என்ற வரிசையில் ஆழ்கற்றல் இயல்பாக உட்காருகிறது. என் ஓட்டு அதற்கே. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. 'ஆழ்க்கற்றல்' என்றும் சில இடங்களில் பார்க்கிறேன், அது பிழை. கட்டுரையில் முதல் தடவை வரும்போது மட்டும் 'பல அடுக்குகள் கொண்ட' என்று முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.