பெடிகிரி என்றால் கால்வழி

ஊட்டிப் பக்கம் பொலிகிடா (இனவிருத்திக்கான ஆட்டுக்கிடா) வாங்க வருகிறவர்கள் "பெடிகிரி உள்ளதுதானே?" என்று கேட்கிறார்கள். கலப்பில்லாத சுத்த இனம் என்ற பொருளில்தான் பலரும் கேட்பது. அது சரியல்ல. தாய், தகப்பன், அவற்றைப் பெற்றவை என்று தலைமுறை தலைமுறையாக எண்ணோடு எழுதிவைத்த வரலாறுதான் பெடிகிரி. ஏட்டில் பதிவாகாத ஆட்டுக்கு, எவ்வளவு சுத்த இனமானாலும், பெடிகிரி கிடையாது.

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'பியே த குரூ' என்றால் கொக்கின் கால். பரம்பரைப் பட்டியலில் ஒரு பெயரிலிருந்து மூன்று கோடுகள் பிரியும் குறி கொக்கின் பாதம்போல இருந்ததால் இந்தப் பெயர். 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து, பின்னர் கால்நடைக்கும் ஆனது. ஆட்டு இனச் சங்கங்களில் முன்னோடியான, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் ஆட்டுச் சங்கம் 1882-இல் தோன்றியது. கால்வழியைப் பதிய அவர்கள் வைத்த ஏட்டுக்குத் தமிழில் மந்தைப் பதிவேடு என்பது பொருந்தும்.

பெடிகிரிக்கு 'வம்சாவளி' என்று எழுதுவோர் உண்டு. வம்சம் வடமொழியில் மூங்கில். கணுக்கணுவாக நீளும் படிமம் அழகுதான். 'கொடிவழி' வரைபடத்துக்குப் பொருந்தும். ஆனால் பட்டியில் புழங்க 'கால்வழி'யே சிறந்தது. சந்ததித் தொடரைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல் அது. கொக்குக் காலுக்கும் தற்செயலாக ஒத்துவருகிறது. சான்றைக் கால்வழிச் சான்று எனலாம்.

இனத்தூய்மையும் கால்வழியும் வேறு என்பதற்கு நீலகிரி ஆடே சாட்சி. வெள்ளை உடல், புடைத்து வளைந்த மூக்கு, தொங்கும் அகன்ற காது. கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு ஆட்டினங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கலந்து உருவானது. எது எவ்வளவு கலந்தது என்று எவருக்கும் தெரியாது, எழுதிவைக்கவில்லை. மாறாக, ஊட்டி அருகே சாண்டிநல்லா ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான சாண்டினோ ஆடும் கலப்பினம்தான், ஆனால் அதன் கணக்கு தெளிவு: ஐந்தெட்டுப் பங்கு மெரினோ, மூன்றெட்டுப் பங்கு நீலகிரி. அரைப் பங்கு மெரினோ ஆட்டை முக்கால் பங்கு மெரினோ கிடாவோடு சேர்த்தால் குட்டிக்கு ஐந்தெட்டு வரும். இந்தக் கணக்கைப் போடக் கால்வழி ஏடு வேண்டும்.

ஏட்டில் குட்டியின் எண், தகப்பன் எண், தாய் எண், பிறந்த தேதி, பிறப்பு எடை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். ஈன்ற 24 மணி நேரத்துக்குள், தாயும் குட்டியும் ஒன்றாக இருக்கும்போதே எழுத வேண்டும். மறுநாள் குட்டிகள் கலந்துவிட்டால், பால் கொடுக்கும் ஆட்டைத் தாயாக எழுதும் தவறு நடக்கும். எண் பொறித்த காதுவில்லையைக் காது வளர இடம் விட்டு மாட்ட வேண்டும். இறுக்கினால் மலையின் ஈரத்தில் புண் சீழ்வைத்து, வில்லை கழன்று, எண்ணே போய்விடும்.

தகப்பன் எண்தான் அதிகம் பிழையாவது. ஒரே பட்டியில் இரண்டு கிடா விட்டால் அந்த ஆண்டின் கால்வழி முழுக்க வீண். 25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா. பெட்டையின் பருவச் சுழற்சி 17 நாள் என்பதால் கிடாவை 35 நாள் விட்டால் இரண்டு சுழற்சி கிடைக்கும். அதை எடுத்தபின் மூன்று வாரம் இடைவெளி விட்டே அடுத்த கிடா. சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். இடைவெளி இருந்தால் ஈன்ற தேதியே தகப்பனைச் சொல்லிவிடும்.

இனி ஏட்டைப் படிக்கும் முறை. சேர்க்கப்போகும் கிடாவின் தகப்பன் 41, பெட்டையின் தகப்பனும் 41 என்றால் அவை ஒரே தகப்பனின் பிள்ளைகள். குட்டிக்கு உறவுச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் இணைவது) அளவு 12.5 விழுக்காடு. தகப்பனையே மகளோடு சேர்த்தால் 25. உறவுச்சேர்க்கையால் பிறப்பு எடை குறையும், குட்டிகள் சாவதும் கூடும். பொலிகிடாவை இரண்டு ஆண்டுக்கு மேல் அதே மந்தையில் வைக்காமல் மாற்றச் சொல்வதும் இதற்காகவே; மூன்றாம் ஆண்டு அதன் மகள்களே பருவத்துக்கு வந்து நிற்கும்.