மிச்சம் பிடிக்கப் போய் பிடிப்பை விடுவதா?

ஸ்போர்ட்ஸ் கார் பழசாக ஆக அதன் விலை இறங்கிக்கொண்டே வரும். டயருக்கு அந்த இரக்கம் கிடையாது. பத்து வருடம் ஓடிய காரை ஆசையாகக் குறைந்த விலைக்கு வாங்கியவர், முதல் முறை நான்கு டயரையும் மாற்றப் போகும்போதுதான் திடுக்கிடுவார். கார் பழையது, டயரின் விலையோ புதுக் காருக்கு உள்ளதேதான். அதே அளவில், அதே கறுப்பில், பாதி விலைக்கு இன்னொரு டயர் பக்கத்திலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டால் என்ன?

போடலாம். ஆனால் அந்தப் பாதி விலையில் குறைந்திருப்பது எது என்று தெரிந்து போட வேண்டும். விற்பவரின் பெயரா, ஆயுளா, பிரேக் பிடிக்கும் தூரமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கார் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 350 கிலோ. உள்ளே இருக்கும் காற்று 2.3 பார், அதாவது காற்றடிக்கும் இடத்தில் 33 என்று சொல்லும் அளவு. எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர் வரும். ஓர் அஞ்சலட்டை அளவு. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். எஞ்சினின் குதிரைத்திறனும் பெரிய பிரேக்குகளும் இந்த நான்கு அஞ்சலட்டைகள் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு கூடிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அழுத்தம் மாறாவிட்டால் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து அகலம் கூடும். அந்த வடிவம் வளைவில் ஸ்டீயரிங்குக்குச் சட்டென்று பதில் சொல்லும், அதனால் அது வீண் இல்லை. ஆனால் பிடிப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது அகலம் அல்ல, அந்த அஞ்சலட்டையில் இருக்கும் ரப்பர்.

ரப்பர் சாலையை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, அதன் மூலக்கூறுகள் சாலையின் மேற்பரப்போடு ஒரு கணம் ஒட்டி, பிறகு விடுபடுகின்றன. காய்ந்த சாலையில் இது நன்றாக வேலை செய்யும். இடையில் தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் ஒட்டுவது பெரும்பாலும் போய்விடும். இரண்டாவது, சாலையில் துருத்தி நிற்கும் சின்னச் சின்னக் கற்களின் மேல் ரப்பர் அமுங்கி, அவற்றின் வடிவத்துக்கு மடிந்து, கடந்த பிறகு நிமிர்கிறது. முழு ஸ்பிரிங்காக இருந்தால், அமுங்கும்போது வாங்கிய ஆற்றலை நிமிரும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அப்போது இதனால் பிடிப்பே கிடைக்காது. ரப்பர் அப்படியில்லை. வாங்கியதில் ஒரு பங்கை வெப்பமாக்கி விழுங்கிவிடும். கல்லின் மேல் ரப்பர் ஏறும் பக்கம் அழுத்தம் அதிகமாகவும் இறங்கும் பக்கம் குறைவாகவும் ஆவதால் சறுக்கலுக்கு எதிராக ஓர் இழுப்பு உண்டாகிறது. மழையில் நம்மைக் காப்பாற்றுவது இந்த விழுங்கல்தான்.

சிக்கல் என்னவென்றால், டயர் சும்மா உருளும்போதும் இதே விழுங்கல் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ரப்பர் தட்டையாகி நிமிர்கிறது, ஆற்றல் வெப்பமாகப் போகிறது, எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. ஆக, நன்றாக விழுங்கும் ரப்பர் பிடிக்கும், ஆனால் எரிபொருளைத் தின்னும். விழுங்காத ரப்பர் சிக்கனமாக ஓடும், ஈரத்தில் வழுக்கும். இதோடு தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றவை உள்ளே போகும்.

இதிலிருந்து தப்ப வழி உண்டா? ஓரளவு உண்டு, என்னைப் பொறுத்தவரை டயர் வேதியியலில் அழகான பகுதி இதுதான். மணிக்கு 100 கிலோமீட்டரில் டயர் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுற்றுகிறது. உருளும்போது நடக்கும் அமுக்கம் அந்த மெதுவான தாளத்தில் நடப்பது. சறுக்க முனையும்போது சாலையின் நுண்ணிய கரடுமுரடு ரப்பரை அதிரவைப்பதோ நொடிக்கு ஆயிரம், லட்சம் முறை. இரண்டு தாளங்களும் வேறு வேறு என்பதால், மெதுவான அதிர்வில் கஞ்சனாகவும் வேகமான அதிர்வில் ஊதாரியாகவும் இருக்கும் கலவையைச் செய்ய முடிந்தால் போதும். ஆய்வகத்தில் இதை வெப்பநிலை வழியாகப் பார்ப்பார்கள். 60 டிகிரியில் ரப்பர் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்பது எரிபொருள் செலவைக் காட்டும், 0 டிகிரியில் எவ்வளவு என்பது ஈரப் பிடிப்பைக் காட்டும்.

இந்த வித்தையைச் செய்வது சிலிக்கா, ஏறக்குறைய மணலின் உறவுக்காரன். வெளிர் நிறமாக இருந்த டயரைக் கறுப்பாக்கி, தேயாமல் உழைக்க வைத்தது கார்பன் பிளாக் என்னும் நுண்கரி. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் அதன் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைப் போட்டது. சிலிக்காவும் ரப்பரும் எண்ணெயும் தண்ணீரும் போல, சேராது. சிலேன் என்ற இணைப்புப் பொருளைச் சேர்த்து, வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்துப் பிசைய வேண்டும். விலையுயர்ந்த டயரில் காசு போகும் இடங்களில் ஒன்று இது. விளம்பரத்துக்கும் போகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மலிவு டயரில் முக்கோணத்தின் எந்த மூலை உள்ளே போயிருக்கும்? பெரும்பாலும் ஈரப் பிடிப்பு. காரணம் எளிது. தேய்மானத்தை எல்லோரும் கவனிப்பார்கள், எரிபொருள் செலவைச் சிலர் கவனிப்பார்கள், ஈரச் சாலையில் அவசரமாகப் பிரேக் அடித்துப் பார்த்து டயர் வாங்குபவர் யாரும் இல்லை.

அந்த மூலையின் விலை என்ன என்று பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு கார்கள், இரண்டும் மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகின்றன, ஒரே இடத்தில் பிரேக் அடிக்கின்றன. ஒன்றின் டயருக்கு உராய்வு எண் 1, மற்றதற்கு 0.85. முதல் கார் 39 மீட்டரில் நிற்கும், இரண்டாவது 46 மீட்டரில். ஏழு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 39 கிலோமீட்டர்! பிரேக் அடிக்கும்போது வேகம் கடைசி மீட்டர்களில்தான் சரசரவென்று இறங்கும், அதனால் இப்படி.

இதைக் கடையில் நின்றுகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் போட்ட ஒட்டுத்தாள் இருக்கும். 2021 மே மாதத்திலிருந்து இருக்கும் முறை இது. மலிவாக வாங்கும்போது நான் முதலில் பார்க்கும் எழுத்து அதுதான். ஏ அல்லது பி இருந்தால் மேலே பேசலாம், அதற்குக் கீழே இருந்தால் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டாம்.

அமெரிக்க முறையில் டயரின் பக்கவாட்டிலேயே தேய்மான எண் பொறித்திருக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு குறிப்பிட்ட வழித்தடத்தில் ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரோடு சேர்த்துக் கணக்கிடும் எண் இது. சாலையில் ஓட்டும் கோடை வகை ஸ்போர்ட்ஸ் டயர்கள் 300-ஐ ஒட்டி இருக்கும். 200 என்றால் மென்மையான, பந்தயத் தடத்துக்கு நெருங்கிய ரப்பர். 500-க்கு மேல் என்றால் நீண்ட பயணத்துக்கானது. இந்த எண்ணை நிறுவனங்களே போட்டுக்கொள்கின்றன, அதனால் ஒரு நிறுவனத்தின் 300-ஐ இன்னொன்றின் 340-ஓடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. கூடவே ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு பிடிப்புத் தரமும் இருக்கும். அது நேர்கோட்டில் ஈரத்தில் பிரேக் பிடிப்பதை மட்டும் அளப்பது, வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சரி, எண்களில் இன்னொரு வரி. 225/45 ஆர் 17 94 டபிள்யூ என்று இருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். 94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர். "நான் எங்கே 270-இல் போகப் போகிறேன், 210 தாங்கும் எச் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுத்து வெறும் வேகம் அல்ல, வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கான சான்று. டயருக்குள் இருக்கும் அடுக்குகளின் கட்டுமானமும் அதோடு சேர்ந்து மாறும். காருக்குக் குறிப்பிட்டதைவிட எடை எண்ணையோ வேக எழுத்தையோ குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பின்னே எங்கேதான் மிச்சம் பிடிப்பது? பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு இரண்டாம் வரிசைப் பெயர்கள் உண்டு. மிஷெலினுக்கு பிஎஃப்குட்ரிச், பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஃபயர்ஸ்டோன், கான்டினென்டலுக்கு ஜெனரல். ஒரே டயர் வேறு பெயரில் வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. கலவையும் வடிவமும் வேறாக இருக்கும், ஆனாலும் அனுபவமுள்ள கைகள் செய்தவை. கொரியாவின் ஹான்கூக், கும்ஹோ, நெக்ஸன் ஆகியவற்றின் ஸ்போர்ட்ஸ் வரிசைகளும் இதே இடைப்பட்ட விலைக்காரர்கள்தான். புது மாடல் வந்தவுடன் முந்தைய மாடலை விலை குறைத்துத் தள்ளுவார்கள், அது இன்னொரு நல்ல வாய்ப்பு. பக்கவாட்டில் பொறித்த தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நிழலில் ஓராண்டு இருந்த டயரால் பாதகமில்லை. யாரோ கழற்றிப் போட்ட பழைய டயரை மட்டும் நான் தொட மாட்டேன், அது உள்ளே என்ன அடி வாங்கியிருக்கிறது என்று வெளியே தெரியாது.

ரிம்மை ஓர் அங்குலம் குறைப்பது பலர் யோசிக்காத வழி. 225/40 ஆர் 18 டயரின் மொத்த விட்டம் 637 மில்லிமீட்டர், 225/45 ஆர் 17-இன் விட்டம் 634. வேகமானிக்கு வித்தியாசமே தெரியாது. சிறிய ரிம்முக்கான டயர் பொதுவாக மலிவு, குழியில் விழுந்தாலும் ரிம் நெளிவது குறையும். பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம், உள்ளே இடிக்காமல் இருக்கிறதா, காரின் கையேடு அந்த அளவை ஒத்துக்கொள்கிறதா என்பதைப் பார்த்துவிட்டால் போதும். கார் கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியலாம், அது அவரவர் பாடு.

கோடை வகை டயர்கள் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துப் பிடிப்பை இழக்கும். அந்தக் குளிரில் ஓட்டுபவர்கள் வேறு வகை பார்க்க வேண்டும், மற்றவர்கள் கோடை வகையையே எடுக்கலாம்.

இரண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கரம் இழுக்கும் கார் என்றாலும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் இந்தச் சலுகையும் இல்லை. தேய்ந்த டயரும் புது டயரும் வேறு வேறு சுற்றளவு உள்ளவை, அது, சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் டிஃபரென்ஷியலைப் போட்டுத் தேய்க்கும்.

மணிக்கு 80 கிலோமீட்டரில், 3 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில், 225 மில்லிமீட்டர் அகல டயர் ஒன்று நொடிக்கு 15 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஒரு வாளி! பள்ளங்கள் இருப்பது அதற்குத்தான். புதிதில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், 1.6-இல் பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் தேய்மானக் கட்டைகள் மட்டத்துக்கு வந்துவிடும். மழையில், பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே நிலைமை மோசமாகத் தொடங்கிவிடும். அதனால் உயர்ந்த விலை டயரை வாங்கிவிட்டு மொட்டையாகும் வரை ஓட்டுபவரைவிட, இடைப்பட்ட விலையில் வாங்கி 3-இல் மாற்றுபவரே மழைக்குத் தயாரானவர் என்பேன்.

கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராமல் ஒரு நிமிடம் பாருங்கள். கம்பி எதுவும் வெளியே நீட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டயரின் முகத்தில் உள்ளங்கையைக் குறுக்காக ஒரு பக்கமாகத் தடவுங்கள், அப்புறம் எதிர்ப்பக்கமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் உறுத்தினால், சக்கரங்கள் நேராக நிற்காமல் கோணலாக இழுபட்டு ஓடியிருக்கின்றன. வீல் அலைன்மென்ட்டைச் சரிசெய்த பிறகு புது டயரைப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த டயரும் இதே ரம்பமாகத்தான் திரும்பி வரும், அதன் விலை என்னவாக இருந்தாலும்.