கடலோரக் காற்றும் கெக்கோவின் பெட்டியும்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு டிசம்பர் மாலையில், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தான் வளர்க்கும் லெப்பர்டு கெக்கோ என்ற பல்லியை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தார். "டாக்டர், நாலு நாளா ஒண்ணும் சாப்பிடல. வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுது" என்றார். மூக்கோரத்தில் சளி குமிழாக நின்றது. மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். வயிறு முழுக்க நீர்க்கொப்புளங்கள். இரண்டு மூன்று உடைந்து சிவந்திருந்தன.

எதில் வைத்து வளர்க்கிறீர்கள் என்று கேட்டேன். போனில் படம் காட்டினார். பழைய மீன் தொட்டி. அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள். மேலே கண்ணாடி மூடி. உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்திருக்கிறார். ஒரு வீடியோவில் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்திருந்தார். அந்த வீடியோ ஈரத்தில் வாழும் வேறோர் இனமான கிரெஸ்டட் கெக்கோவைப் பற்றியது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிராணிமேல் அவருக்கு இருந்த அக்கறை உண்மையானது. மருந்து கொடுத்தோம், பெட்டியை அடியோடு மாற்றினோம், ஐந்தாறு வாரத்தில் தேறிவிட்டது. ஆனால் இதே கதை வேறு வேறு வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

கெக்கோ என்றால் பல்லி இனம், அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். கடையில் அடுத்தடுத்த பெட்டிகளில் இருக்கும் இரண்டு கெக்கோக்கள் இரண்டு வேறு உலகங்களிலிருந்து வந்தவை. லெப்பர்டு கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பகுதிகளின் வறண்ட கல்பாங்கான நிலத்தைச் சேர்ந்தது. தரையில் வாழும். நம் வீட்டுப் பல்லி போல விரலில் ஒட்டும் பட்டை இதற்குக் கிடையாது, நகம்தான், கண்ணாடியில் ஏறாது. கண்ணை மூடித் திறக்க இமையும் உண்டு. கிரெஸ்டட் கெக்கோவோ பசிபிக் கடலில் இன்றும் பிரான்ஸின் கீழ் இருக்கும் நியூ கலிடோனியாத் தீவின் மரவாசி. அழிந்தே போனது என்று நினைத்திருந்து, 1994-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். முதலாவதற்கு நீளமும் அகலமும் உள்ள தரை வேண்டும்: 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். இரண்டாவதற்கு உயரம் வேண்டும்: 45-க்கு 45 தரை, 60 செ.மீ. உயரம், உள்ளே ஏறிப் படுக்கக் கிளைகள். கொய்யாக் கிளை நன்றாக உழைக்கும். பண்ருட்டிப் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று முந்திரிக் கிளையை மட்டும் வெட்டி வைக்காதீர்கள், அதன் பால் எரிச்சல் தரும்.

குட்டிக்குச் சின்ன டப்பா போதும், வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். லெப்பர்டு கெக்கோ நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் வையுங்கள்.

இனி நம் ஊர்க் காற்று. கெக்கோ வளர்ப்பைப் பற்றி இணையத்தில் இருப்பதில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை மனதில் வைத்து எழுதியது. பெட்டிக்குள் சூட்டை எப்படிக் கொண்டுவருவது, ஈரத்தை எப்படித் தேக்கிவைப்பது என்பது அவர்கள் கவலை. நாம் கடலோரத்தில் இருக்கிறோம். வருடத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். மே மாதம் மாடி அறையில் பகல் முழுக்க அனல். சூட்டையும் ஈரத்தையும் எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் நமக்குள்ள வேலை. ஆகவே பெட்டி வாங்கப் போகும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகும் என்பதை.

மேலே மட்டும் திறப்புள்ள மீன் தொட்டியில் அடியில் கிடக்கும் ஈரக்காற்று நகரவே நகராது. முன்பக்கம் அடியில் ஒரு வலைப்பட்டை, பின்பக்கம் மேலே இன்னொன்று இருந்தால், சூடான காற்று தானாக மேலே ஏறி வெளியேறும், புதுக்காற்று கீழிருந்து நுழையும். கதவு முன்பக்கம் இருப்பது இன்னொரு வகையிலும் நல்லது. மேலிருந்து கை இறங்கினால் பருந்தோ காகமோ பாய்வதாகத்தான் கெக்கோவின் உடம்பு நினைக்கும். மிரண்டு வாலை உதறிவிடும். லெப்பர்டுக்கு வால் கட்டையாகவாவது மறுபடி வளரும். கிரெஸ்டடுக்குப் போனது போனதுதான்.

இப்படிப்பட்ட பெட்டி கடையில் விலை அதிகம். அலுமினியப் பிரேம், கண்ணாடி வேலை செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அளவைச் சொன்னால் செய்து தருவார்கள். வலைக்கு எவர்சில்வரையே கேளுங்கள். இரும்பு வலை உப்புக் காற்றில் சீக்கிரமே துருவேறி உதிரும். சிலிக்கான் ஒட்டியிருந்தால் அந்தப் புளித்த காடி வாசனை முழுக்கப் போகும்வரை திறந்து வையுங்கள். பிளைவுட் பெட்டி பார்க்க அழகு, ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஊதிப் பூஞ்சை பிடித்ததை நிறையப் பார்த்துவிட்டேன். நான் பரிந்துரைப்பதில்லை.

லெப்பர்டு கெக்கோவுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடான பக்கத்துத் தரை 32 முதல் 34 டிகிரி, மறுபக்கம் 25, 26. ஹீட் மேட் என்ற சூட்டுப் பாயோ விளக்கோ எதுவானாலும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது. ஹீட் ராக் என்று விற்கும் சுடுகல்லால் வயிறு வெந்த கெக்கோவுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். இரவில் நம் ஊரில் சூடு தேவையே இல்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 28 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று 34 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 55-க்குக் கீழே இறங்கிவிடும். காற்றோட்டம் சரியாக இருந்தால் மழைக்காலத்தில்கூட சூடான பக்கம் உலர்ந்தே இருப்பது இதனால்தான். மே மாதத்தில் அறையே 34-ஐத் தாண்டும்போது குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இருக்காது. பெட்டியைக் கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரம், தரைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

வெயில் நல்லதுதானே என்று பால்கனியில் கண்ணாடிப் பெட்டியை வைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். எலும்புக்குத் தேவையான யூவிபி என்ற புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. வெப்பம் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். யூவிபி விளக்கு உள்ளேயே இருக்கட்டும், கால்சியமும் வைட்டமின் டி3-யும் தீவனத்தோடு போகட்டும்.

கிரெஸ்டட் கெக்கோ பற்றி மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். அதற்கு 22 முதல் 26 டிகிரி வேண்டும். 28-ஐத் தாண்டி நீடித்தால் தளர்ந்துவிடும். போன கோடையில் அரியாங்குப்பத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். ஏசி அறையில்தான் வைத்திருந்தார்கள். மதியம் கரண்ட் போனபோது வீட்டில் யாரும் இல்லை. நான் பெட்டியைத் திறந்தபோது அது உயிரோடு இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும் அந்தப் பெண் அழுததை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. இரவும் பகலும் ஏசி, ஏசி நின்றாலும் தாங்கும் ஏற்பாடு, இரண்டும் இல்லாத வீட்டில் அந்த இனம் வேண்டாம். பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் சூட்டை அது குறைக்காது.

தரையில் என்ன போடுவது? புதிதாக வந்த கெக்கோவுக்கு முதல் மாதம் வெறும் டிஷ்யூ பேப்பர். மலம், பேன், புழு எல்லாம் கண்ணில் படும். அப்புறம் லெப்பர்டுக்கு ஓடு பதித்த தரை, அல்லது சலித்த செம்மண்ணும் மணலும் கலந்து கெட்டிப்படுத்தியது. வெறும் மணலைத் தீவனத்தோடு விழுங்கிக் குடல் அடைத்து வரும் குட்டிகள் பிழைப்பது கடினம். தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; கிரெஸ்டடுக்கு அது பொருந்தும், லெப்பர்டுக்கு நம் கடற்கரையில் பொருந்தாது.

ஒளிந்துகொள்ள மூன்று இடமாவது வேண்டும்: சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று, ஈரமாக ஒன்று. இதற்கு வெளிநாட்டு பிளாஸ்டிக் குகையைத் தேடி அலைய வேண்டாம். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். மெருகு பூசாத சின்னச் சட்டி ஒன்றை வாங்கி, விளிம்பில் வாசல் உடைத்து, உரசி மழுக்கிக் கவிழ்த்து வையுங்கள். அதையே நனைத்து வைத்தால் ஈரக்குகை. தோல் உரிக்கும்போது கெக்கோ தானே போய் அதில் படுக்கும். பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளிப்பதற்குப் பதில் இந்த ஒரு மூலை மட்டும் ஈரமாக இருந்தால் போதும். உரிந்த தோல் விரல் நுனியில் வளையமாக இறுகினால் ரத்தம் போகாமல் விரலே உதிர்ந்துவிடும், அதனால் இந்தச் சட்டியைத் தவிர்க்காதீர்கள்.

எறும்பைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்களில் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். இங்கே அது முக்கியம். செத்த வெட்டுக்கிளி ஒன்று உள்ளே கிடந்தால் இரவோடு இரவாகச் சாரை கட்டிவிடும், மூலையில் ஒண்டிய கெக்கோவையும் கடித்துக் குதறும். பாட்டி காலத்தில் பலகாரப் பெட்டிக்குச் செய்ததைச் செய்யுங்கள்: மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புப் பொடி, சாக்பீஸ், கொசுவத்தி, லிக்விட் மெஷின், பினாயில், அந்துருண்டை எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

புயல் நாட்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல், இரண்டும் நம் கரையில்தான் ஏறின. கரண்ட் இல்லாத நாட்களில் லெப்பர்டு கெக்கோ சூடில்லாமல் இரண்டொரு நாள் தாங்கும். ஆனால் அந்த நாட்களில் தீனி போடாதீர்கள். சூடில்லாமல் செரிக்காது, வயிற்றிலேயே கெட்டுப்போகும். வெள்ளம் புகும் தெரு என்றால் பெட்டியை மழைக்கு முன்பே உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பொன்பல்லி போன்ற நம் காட்டு இனங்களைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சைட்டீஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு இனங்களை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் இனம் எதில் வருகிறது என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, ரசீதோடு வாங்குங்கள்.

பெட்டி தயாரானதும் ஒரு வாரம் காலியாகவே ஓட விடுங்கள். டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று வைத்து, காலை, மதியம் இரண்டு மணி, இரவு என மூன்று வேளையும் சூட்டையும் ஈரப்பதத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண்கள் சரியாக நின்ற பிறகு கெக்கோவை அழைத்து வாருங்கள். பிறகு எப்போதாவது உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனால் அந்தத் தாளையும் பெட்டியின் படத்தையும் கொண்டுபோங்கள். என்னிடம் வருபவர்களிடம் கெக்கோவைத் தொடுவதற்கு முன்பே நான் கேட்பது அவை இரண்டையும்தான்.