பைக் சக்கரத்தில் மாட்டும் குதிகால்

பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் அவசரப் பிரிவுக்கு இப்படி ஒரு பிள்ளை வருவது வழக்கமாகிவிட்டது. ஒரு காலில் ஷூ, இன்னொன்றில் அப்பாவின் கைக்குட்டை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கும், கால் ஃபுட்ரெஸ்டுக்கு எட்டாமல் தொங்கியிருக்கும், தூக்கம் வேறு சொக்கியிருக்கும், ஏதோ ஒரு திருப்பத்தில் குதிகால் பின்சக்கரக் கம்பிக்குள் போய்விடுகிறது.

"லேசான சிராய்ப்புதான் சார், ரெண்டு தையல் போட்டு விட்டுடுங்க" என்பார்கள். முதல் நாள் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் சக்கரம் தோலைக் கிழிப்பதோடு நிற்பதில்லை, நசுக்கியும் விடுகிறது. நசுங்கிய தோல் அன்றைக்குச் சிவப்பாக இருந்துவிட்டு, நாலைந்து நாளில் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கும். இழுத்துப் பிடித்துத் தையல் போட்டிருந்தால் இன்னும் மோசம். பல பிள்ளைகளுக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறேன். ஆறு வயதுப் பையன் ஒருவன், ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் அம்மாவின் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழாமல் கிடப்பான். அழுதால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

கால் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். கம்பியை வெட்டியாவது விடுவியுங்கள். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றிக் கூட்டி வாருங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். எலும்பின் வளரும் பகுதியில் அடி பட்டிருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே அவசியம். இரண்டு நாள் கழித்துப் புண்ணை மறுபடி காட்டுவது அதைவிட அவசியம்.

வெளியே சின்னதாகத் தெரிந்து உள்ளே பெரிதாக இருக்கும் இன்னொரு காயம், சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்துவது. வட்டமாக ஒரு கன்றல், அவ்வளவுதான் தெரியும். மறுநாள் வாந்தி, வலி. ஹேண்டிலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் கணையம் நசுங்கியிருக்கும். கல்லீரல், மண்ணீரல் கிழிந்தால்கூட, நேரத்தோடு வந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடும். தாமதித்து வருபவர்களை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

சரி, பைக் விஷயத்துக்கு வருகிறேன். பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. அந்த சாரி கார்டைத்தான் அழகு கெடுகிறது என்று கழற்றிப் போடுகிறார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இன்று மாலை உங்கள் பிள்ளையை வண்டியில் உட்கார வைத்து, பாதம் எங்கே தொங்குகிறது என்று ஒரு தரம் குனிந்து பாருங்கள்.