நேச்சுரலிஸ்ட்டை 'இயற்கை ஆர்வலர்' ஆக்காதீர்கள்

சிலந்திகளை ஆராய்ந்த ஆங்கிலேயர் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் பற்றித் தமிழில் வந்த ஒரு சிறு மொழிபெயர்ப்பைப் படித்தேன். எடுத்த எடுப்பிலேயே அவர் 'பண்பான இயற்கை ஆர்வலர்' என்று இருந்தது. 'ஜென்டில்மேன் நேச்சுரலிஸ்ட்' என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு சொல்லுமே தப்பு. 'பண்பான' எப்போதாவது கண்ணில் படும் பிழை, போகட்டும். 'இயற்கை ஆர்வலர்' அப்படி இல்லை, நாளிதழைத் திறந்தால் அதுதான், டிவியைப் போட்டாலும் அதுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இயற்கையைக் குறிக்கும் லத்தீன் 'நாத்தூரா', 'பிறத்தல்' என்று பொருள்படும் வினையடியிலிருந்து வந்தது. அதைப் பயில்பவர் நேச்சுரலிஸ்ட். தமிழில் இயற்கை, 'இயல்' என்ற அடியிலிருந்து வந்த பழைய சொல். தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே 'இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்' என்று ஒரு நூற்பா இருக்கிறது. இயற்கைப் பொருளை 'இது இத்தன்மையது' என்று சொல்ல வேண்டும் என்பது பொருள். உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு 'நிலம் வலிது, நீர் தண்ணிது'. அது வாக்கிய அமைப்புக்கான விதிதான், ஆனாலும் ஒரு நேச்சுரலிஸ்ட்டின் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஓர் உயிரைப் பார்த்து, அது இத்தன்மையது என்று பிழையில்லாமல் எழுதி வைப்பவர் அவர்.

இனி 'ஆர்வலர்'. அந்தச் சொல்லின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்கிற குறளில் அன்பு உடையவர் என்ற பொருளில் எவ்வளவு அழகாக நிற்கிறது! ஆனால் இன்று அதன் தலையில் எத்தனை சுமையைத்தான் ஏற்றுவது? போராட்டக்காரர் சமூக ஆர்வலர், வெள்ளத்தில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பவர் தன்னார்வலர், வார இறுதியில் கேமராவோடு ஏரிக்குப் போகிறவர் பறவை ஆர்வலர், மரம் நடுகிறவர் இயற்கை ஆர்வலர், அப்புறம் ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்து வந்த சிலந்தியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இது அறிவியலுக்குப் புதிது என்று பெயரிட்டு எழுதியவரும் இயற்கை ஆர்வலர் என்றால், படிப்பவருக்கு என்ன விளங்கும்? ஆர்வம் ஒருவருக்குள் இருக்கும் விருப்பத்தைச் சொல்கிறது, அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லவில்லை. நோய் தீர்ப்பவரை 'மருத்துவ ஆர்வலர்' என்று யாராவது எழுதுவார்களா?

பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ன செய்தார் என்று பாருங்கள். 1828இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பிளாக்ஸ்வொர்த் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா அந்த ஊர்த் திருச்சபையின் குரு, 1868இல் அவருக்குப் பிறகு இவரே அந்தப் பொறுப்புக்கு வந்தார். பறவை, அந்துப்பூச்சி என்று எல்லாவற்றையும் பார்த்தவர்தான், ஆனால் உயிரை வைத்தது சிலந்தியில். நெருங்கிய இனங்களைச் சேர்ந்த இரண்டு சிலந்திகள் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆண் சிலந்தியின் முகத்துக்கு முன்னால் குட்டிக் கால்போல ஓர் இணை உறுப்பு இருக்கிறது, அதன் நுனி உப்பியிருக்கும். அந்த உப்பலுக்குள் இருக்கும் கொக்கி, முள், வளைவு எல்லாம் இனத்துக்கு இனம் மாறும். பெண்ணுக்கு அடிவயிற்றில் இருக்கும் சிறு தகட்டைப் பார்க்க வேண்டும். இப்படித்தான் சிலந்திகளை இனம் பிரிப்பது. இலங்கையிலிருந்து நீட்னர் என்பவர் அனுப்பிய சிலந்திகளை வகைப்படுத்தி 1869இல் பட்டியல் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் மக்கள் நடுங்கும் சிட்னி புனல்வலைச் சிலந்திக்கு 1877இல் அறிவியல் பெயர் வைத்தவரும் இவர்தான். சில சிலந்திகளில் ஆண் ஏன் அவ்வளவு சிறியது? பெண்ணிடம் இரையாகாமல் தப்பியவை சிறியவையே, அதனால் தலைமுறை தலைமுறையாக ஆண் சிறுத்தது என்பது இவர் தந்த விளக்கம். டார்வின் அதைத் தம் நூலில் இவர் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1887இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது. இவரைப் போய் ஆர்வலர் என்பதா?

'இயற்கைவாதி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். வாதி என்றால் ஒரு கொள்கையைப் பிடித்து வாதிடுபவர். தத்துவத்திலும் இலக்கியத்திலும் இயற்கைவாதம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும்.

என் தேர்வு 'இயற்கையியலாளர்'. நான் புதிதாகப் படைத்ததில்லை, ஏற்கெனவே நல்ல எழுத்தாளர்கள் கையாளும் சொல்தான். நீளம் என்கிறார்கள். 'இயற்கை ஆர்வலர்' மட்டும் என்ன குட்டையா? இயல் இரண்டு முறை வருகிறது என்பது அடுத்த புகார். 'இயற்பியல்' என்பதிலும் இரண்டு முறைதான் வருகிறது, பள்ளிப் பிள்ளைகள் தடுமாறாமல் சொல்கிறார்கள்.

பிக்கார்ட்-கேம்பிரிட்ஜைப் 'பூச்சியியலாளர்' என்று மட்டும் எழுதி முடிப்பதும் சரியில்லை. எட்டுக்கால் பூச்சி என்று ஊரில் சொல்வதில் தவறே இல்லை, உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ்கூடச் சிலந்தியைப் பூச்சிகளோடுதான் வைத்தார். ஆனால் ஆறு கால் உள்ளதே பூச்சி என்று அறிவியல் பிரித்து இருநூறு ஆண்டுக்கு மேலாகிறது, சிலந்தியியல் என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது.

அந்தப் 'பண்பான' விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஜென்டில்மேன் குணத்தைக் குறிக்கவில்லை, சமூக நிலையைக் குறிக்கிறது. ஆய்வு பிழைப்புக்காக இல்லை, சோற்றுக்கு வேறு வழி இருந்தது, அவ்வளவுதான். இவருக்கு முன்னோடியான ஜான் பிளாக்வால் மான்செஸ்டரில் லினன் துணி வணிகக் குடும்பத்துக்காரர், பின்னால் வடக்கு வேல்ஸில் போய் இருந்துகொண்டு பிரிட்டன், அயர்லாந்துச் சிலந்திகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 'கனவான்' என்று போட்டால் அந்தஸ்து மட்டும் தெரியும், செய்தி தெரியாது. ஒரே சொல்லில் அடக்கியே தீர வேண்டும் என்று என்ன கட்டாயம்? 'ஊதியம் வாங்காமல் ஆய்வு செய்த இயற்கையியலாளர்' என்று விரித்தே எழுதுங்கள்.